ஓரிடத்து மண்

மதுராந்தகம்,
20.1.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தொடையில் இருக்கும் இரண்டு தழும்பும் ஒரே மாதிரி இல்லை. காணும் பொங்கலன்று பம்புசெட்டில் குளித்துவிட்டு அரைக்கால் சட்டையோடு வந்தாயே, அப்போது பார்த்தேன். மேலே இருப்பது சீரகம் அளவு, சுத்தமாக ஆறியிருக்கிறது. நாலு விரல் கீழே இருப்பது நீளம். ஓரம் சுருங்கி, அவசரத்தில் தைத்த துணி மாதிரி இருக்கிறது. அப்பா பக்கத்தில் இருந்ததால் கேட்கவில்லை. அவர் இல்லாவிட்டாலும் கேட்டிருக்க மாட்டேன் என்பது உனக்குத் தெரியும். நேரில் எனக்கு வாய் வராது. உங்கள் ஓட்டப் பயிற்சி மையத்தில் போனை வாங்கிப் பூட்டி வைப்பது எனக்கு நல்லதாகப் போயிற்று. பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிறகு உனக்கு எழுதும்போதுதான் பேனாவைத் தொடுகிறேன்.

ஆராய்ச்சிக்குத் தசை எடுப்பார்கள், வலிக்காது என்று போன வருஷம் சொன்னாய். இரண்டாவது முறை என்ன ஆயிற்று? நீ இந்தத் தடவை ஓட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அருணகிரி மாமா "இன்னாப்பா, ஆகஸ்ட்ல மெடல் உண்டா?" என்று கேட்டபோது எழுந்து போய்விட்டாய். "அவன் நானூறு மீட்டர்ல ஜெயிச்சான்னா போலீஸ்ல வேலை வூடு தேடி வரும்" என்று அப்பாதான் உனக்காகப் பதில் சொன்னார்.

அம்மாவுக்கு இடுப்பு வலி குறைந்திருக்கிறது. கன்றுக்குட்டி கயிற்றை மென்று அறுக்கிறது. உன் உடம்பைக் கவனி.

பூங்கொடி


மாமல்லபுரம்,
2.2.2025

கொடிக்கு,

நானும் என் ரூமில் இருக்கிற ஷ்யாமும் நல்லாத்தான் கீறோம். மணல் கொட்டினால் திட்டாதே. ரூமில் வெளிச்சம் போதாது, கரையில் படகு நிழலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சொல்கிறேன், அப்பாவிடம் போகக் கூடாது. முதல் முறை எடுத்தபோது ஒன்றும் தெரியவில்லை. மரக்க ஊசி போட்டு, சின்னதாகக் கீறி, பேனா ரீபிள் பருமனுக்கு ஒரு ஊசியை உள்ளே விட்டு இழுத்தார்கள். ஊறின அவல் மாதிரி ஒரு துண்டு வந்தது. அதைப் புகை வருகிற குளிர்த் திரவத்தில் முக்கி, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்களாம். வேகத் தசை ஒரு நிறம், நெடுந்தூரத்துக்கு ஏற்ற நிதானத் தசை ஒரு நிறம். எனக்குப் பாதிக்குப் பாதி என்று வந்தது.

மூன்று மாசம் எடை தூக்கி, அவர்கள் கொடுத்த பவுடரைக் குடித்த பிறகு, கொஞ்சம் கீழே புதுசாகக் கீறி மறுபடி எடுத்தார்கள். அன்றைக்கு ஊசி வெறும் கையோடு வந்தது. டாக்டர் அதே ஓட்டையில் இன்னும் ஆழமாக விட்டுத் திருகினார். கண்ணில் தண்ணி வந்துவிட்டது. மேக்னா மேடம், ஆராய்ச்சி பண்ணுகிற அக்கா, "போதும் சார், விடுங்க" என்றார்கள். கடைசியில் கொஞ்சம் கிடைத்தது.

அதில் முக்கால்வாசி நிதானத் தசையாம். கோச் ஜானகிராமன் சார் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கே வந்துவிட்டார். "டேய் கார்த்தி, உன்னுது லாரி இன்ஜின்டா. இத வெச்சிகினு ரேஸ் கார் ஓட்டினு கீறியே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து என்னை ஐயாயிரம் மீட்டரில் போட்டுவிட்டார். நாளைக்கு முதல் ஓட்டம்.

அம்மாவைப் பாரம் தூக்க விடாதே.

கார்த்தி


மதுராந்தகம்,
11.2.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

மணல் கொட்டியது. பெருக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா அதை மிதித்துவிட்டு, "இன்னாடி இது, வூட்டுக்குள்ள கடல்" என்று கேட்டது. மற்றபடி இங்கே யாருக்கும் காய்ச்சல் தலைவலி எதுவும் இல்லை.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு நம் மேட்டு வயல்தான் நினைவில் ஓடுகிறது. அப்பா மண் பரிசோதனைக்குக் கொடுத்தாரே, அந்த வருஷம். வேளாண்மை ஆபீசில் தெளிவாகத்தான் சொல்லி அனுப்பினார்கள். வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பல இடத்தில் வெட்டி எடுக்கணும், வரப்போரம் வேண்டாம், எருக்குழிப் பக்கம் வேண்டவே வேண்டாம், எல்லாவற்றையும் ஒரு அன்னக்கூடையில் கொட்டிக் கலந்து அதிலிருந்து ஒரு பிடி கொண்டுவாங்க என்று. அப்பா என்ன செய்தார்? பழைய எருக்குழி இருந்த மூலையில் மண் மெத்தென்று இருக்கிறது, மண்வெட்டி சுலபமாக இறங்குகிறது என்று அங்கேயே ஒரு பை நிரப்பிக் கொடுத்துவிட்டார். தழைச்சத்து ஏராளம், யூரியா குறைத்துப் போடலாம் என்று அட்டை வந்தது. அப்பா குறைத்தார். எருக்குழி மூலையில் மட்டும் பயிர் கறுகறுவென்று நிற்க, மீதி வயல் முழுக்க மஞ்சளாகிப் போனது. அருணகிரி மாமா, "இன்னா முனிசாமி, குப்பையையா டெஸ்ட்டுக்கு அனுப்ச்ச?" என்று வரப்பில் நின்று கேட்டது உனக்கு மறந்திருக்காது.

அட்டையில் பொய் இல்லை அண்ணா. அந்த மூலைக்கு அது சரிதான். உன் தொடையிலும் மேலே ஒரு மாதிரி, ஆழத்தில் ஒரு மாதிரி இருக்காதா? முதல் முறை மேலே எடுத்தார்கள். இரண்டாம் முறை வேறு இடத்தில், அடியில் எடுத்திருக்கிறார்கள். நீ மாறிவிட்டாயா, அவர்கள் தோண்டிய இடம் மாறிவிட்டதா?

எனக்கு இதெல்லாம் தெரியாது. தோன்றியதை எழுதினேன். ஐயாயிரம் மீட்டர் எப்படிப் போயிற்று?

பூங்கொடி


மாமல்லபுரம்,
26.2.2025

கொடிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

தொடை என்ன வயலா? ஷ்யாமிடம் சொன்னேன். "மச்சான், உன் தங்கச்சி உன் காலுக்கு யூரியா போடச் சொல்லுது" என்று ராத்திரி முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அவ்வளவு பெரிய மிஷின் வைத்துப் பார்க்கிறார்கள், அவர்களுக்குத் தெரியாதது உனக்குத் தெரிந்துவிட்டதா?

ஐயாயிரத்தில் கடைசியாக வந்தேன். அது பரவாயில்லை. மறுநாள் சாருக்குத் தெரியாமல் நானூறு ஓடிப் பார்த்தேன். முன்னே எல்லாம் கடைசி வளைவில் யோசிக்க மாட்டேன், கால் தானாகப் போகும். இப்போது அந்த இடம் வந்ததும் லாரி இன்ஜின் நினைவு வந்துவிட்டது. கால் கனத்தது. அந்தத் தாளில் இருந்தது உண்மை என்று அப்போது தெரிந்துகொண்டேன். இத்தனை வருஷம் தெரியாமல்தான் ஓடியிருக்கிறேன்.

இனிமேல் இதைப் பற்றி எழுதாதே.

கார்த்தி


மதுராந்தகம்,
9.3.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ எழுதாதே என்றாய். இது ஒரு தடவை மட்டும்.

முன்னே ஓடியபோது முதலில் வந்தாய். அப்போதும் இதே கால்தான். தாளைப் பார்த்த பிறகுதான் கனத்தது என்றால் கனத்தது கால்தானா? இன்னொரு முறை, இரண்டு மூன்று இடத்தில் எடுத்துப் பார்க்கச் சொல்லி மேக்னா மேடத்திடம் கேள். "போதும் சார்" என்று சொன்னவர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள்.

அப்பா உனக்காக ஆகஸ்ட் மாதத்துக்கு இப்போதே வண்டி பேசி வைத்திருக்கிறார். போட்டியைப் பார்க்க எல்லோரும் போக வேண்டுமாம். நான் இதை எழுதும்போது எட்டிப் பார்த்து, "இன்னாமே எழுதிகினே கீற? பையன் வெரசா ஓட்றானான்னு கேளு" என்கிறார். கேட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அம்மா வெயிலில் போகாமல் இருக்கச் சொன்னது. தண்ணீர் நிறையக் குடி.

பூங்கொடி


மாமல்லபுரம்,
6.4.2025

கொடிக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது. பயிற்சி அதிகம். சார் நல்லபடி கவனிக்கிறார். சாப்பாட்டுக்குக் குறையில்லை. கடல் இப்போது கொஞ்சம் கொந்தளிப்பாக இருக்கிறது. அப்பாவிடம் நன்றாக ஓடுகிறேன் என்று சொல். கடிதம் வழக்கம்போல மையத்துக்கே போடு.

கார்த்தி


மதுராந்தகம்,
14.4.2025

மதிப்பிற்குரிய மேக்னா மேடம் அவர்களுக்கு வணக்கம்.

நான் உங்கள் ஆராய்ச்சியில் இருந்த கார்த்தியின் தங்கை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மையத்தின் விலாசத்துக்குப் போடுகிறேன், உங்களிடம் வந்து சேருமா தெரியாது. இந்தக் கடிதத்தை எழுதி நான்கு நாள் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்துவிட்டு இன்றுதான் தபால் பெட்டியில் போடுகிறேன்.

ஒரே கேள்விதான். தொடையில் ஓர் இடத்தில் எடுத்த துண்டை வைத்து ஒருவர் எந்த ஓட்டம் ஓட வேண்டும் என்று சொல்ல முடியுமா? அண்ணனுக்கு முதல் துண்டு மேலே எடுத்தது. இரண்டாவது, ஊசி சரியாக வராமல் ஆழத்தில் எடுத்தது. எங்கள் வயலில் இப்படித்தான் ஒரு தவறு நடந்தது, அதனால் கேட்கிறேன். உங்களைக் குறை சொல்லவில்லை. முடியும் என்றால் அதையும் எழுதுங்கள். நான் அவனைத் தொந்தரவு செய்வதை விட்டுவிடுவேன்.

இப்படிக்கு,
மு. பூங்கொடி


சென்னை,
2.5.2025

அன்புள்ள பூங்கொடி,

உங்கள் கடிதம் என் கைக்கு வர இரண்டு வாரம் ஆயிற்று. நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் நலம்தானே? இதை மூன்று முறை கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

உங்கள் கேள்விக்குப் பதில்: முடியாது. அந்தத் தசையில் மேல் பகுதியைவிட ஆழத்தில் நிதானத் தசைநார்கள் பொதுவாக அதிகம். இது எங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. அதனால்தான் ஒரே ஆழத்தில் எடுக்கப் பார்ப்போம், முடிந்தால் ஒன்றுக்கு மேல் எடுப்போம். துண்டு சிறிதாக இருந்தால் எண்ணுவதற்குப் போதுமான நார்கள் இருக்காது. உறைய வைப்பது கொஞ்சம் தாமதித்தால் உள்ளே பனி கட்டி, நாரெல்லாம் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். கார்த்தியின் இரண்டாவது துண்டில் இந்த மூன்று குறையும் இருந்தன. சந்தேகப்பட்டு, வேறொரு பையன் சம்மதத்தோடு ஒரே நாளில் ஒரே காலில் இரண்டு துண்டு எடுத்துப் பார்த்தேன். இரண்டு துண்டும் இரண்டு விதமாகச் சொல்லின. கார்த்தியிடம் மூன்று மாதத்தில் வந்ததாகச் சொன்ன மாற்றம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு வித்தியாசம்.

நிறையப் பேருடைய சராசரியைப் பேசவே அந்த எண்கள். ஒரு பையனைப் பற்றி முடிவு சொல்ல அல்ல. அந்தத் தாளைப் பயிற்சியாளர் கேட்டபோது நான் மறுத்திருக்க வேண்டும். என் பேராசிரியரிடமும் அவரிடமும் இதைச் சொன்னேன். "சீசன் லிஸ்ட் போட்டாச்சும்மா" என்றார் பயிற்சியாளர்.

கார்த்தி பிப்ரவரி கடைசியில் மையத்தை விட்டுப் போன பிறகு அவருடன் பேச முயன்றேன். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இப்போது வீட்டில் உங்களோடுதான் இருப்பார் என்று நினைக்கிறேன். இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டுங்கள்.

மேக்னா


மதுராந்தகம்,
8.5.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

மையத்து விலாசத்துக்கே போடுகிறேன். ஷ்யாம் அண்ணன் உன் கையில் சேர்த்துவிடுவார்.

மேக்னா மேடத்துக்கு நான் எழுதினேன். உன்னைக் கேட்காமல் எழுதியதற்குத் திட்டு. அவர்கள் பதிலின் முதல் பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன். இரண்டாவது பக்கத்தில் விசேஷமாக ஒன்றும் இல்லை. ஓர் இடத்தில் எடுத்ததை வைத்து உன்னைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். நிதானமாகப் படி. படித்துவிட்டு இன்னொரு முறை படி.

உன் போன கடிதத்தில் மணல் கொட்டவில்லை. காகிதத்தை உதறிவிட்டுப் போட்டிருப்பாய்.

அப்பா நேற்று உனக்கு வெள்ளை பனியன் இரண்டு வாங்கி வந்தார். அம்மா நலம். மேட்டு வயலில் எள் தெளித்திருக்கிறது. நீ எங்கே இருந்தாலும் வேளைக்குச் சாப்பிடு.

பூங்கொடி


கூடுவாஞ்சேரி,
15.6.2025

கொடிக்கு,

அந்த இரண்டாவது பக்கத்தில் என்ன இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நீ எழுதாமல் விட்டதற்கு நன்றி.

பிப்ரவரியிலேயே மையத்தை விட்டு வந்துவிட்டேன். இங்கே ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு குடோனில் பெட்டி ஒட்டி வண்டியில் ஏற்றுகிற வேலை. நாலு பேர் ஒரு ரூம். அப்பா போடும் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே தோற்றுப்போனேன் என்று சொல்ல முடியவில்லை, அதனால் வீட்டுக்கு வரவில்லை. ஷ்யாம் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை உன் கடிதத்தைக் கொண்டுவந்து தருவான், என் பதிலை அங்கிருந்து போடுவான். "இன்னும் எத்தினி நாளிக்குடா இந்தப் பேஜாரு, தங்கச்சிகிட்ட சொல்லித் தொலை" என்று போன வாரம் சண்டை போட்டான்.

மேடத்தின் பக்கத்தைப் பத்துத் தடவை படித்துவிட்டேன். அவர்கள் சொல்வது புத்திக்குப் புரிகிறது. துண்டு தப்பு, ஊசி தப்பு, எண்ணினது தப்பு. ஆனால் ரயிலைப் பிடிக்க ஓடும்போதுகூடக் கொடி, நான் தொடையைத்தான் கவனிக்கிறேன். இது வேகமா, நிதானமா என்று கேட்டுக்கொண்டே ஓடுகிறேன். அப்படி ஓடினால் எவனும் முந்திவிடுவான். ஊசியில் வந்த துண்டு தப்பாக இருக்கலாம். அதை நம்பின நான் இப்போது அப்படியே ஆகிவிட்டேன்.

ஸ்பைக் ஷூவை ஷ்யாமுக்குக் கொடுத்துவிட்டேன். அப்பாவிடம் வண்டி வேண்டாம் என்று சொல்லிவிடு. எப்படிச் சொல்வாய் என்று தெரியவில்லை. நீ பேச மாட்டாய்.

கீழே ரூம் விலாசம் இருக்கிறது.

கார்த்தி


மதுராந்தகம்,
22.6.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

சொல்லிவிட்டேன். அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பேச்சு தானாக வந்துவிட்டது. எருக்குழி மண் கதையையும் சேர்த்துச் சொன்னேன். வாளியை என்னிடமிருந்து வாங்கி ஓரமாக வைத்தார். பிறகு, "அந்தத் தப்ப நான் பண்ணப்போ வயலு போச்சி. ஒரு போகத்தோட போச்சி" என்றார். அவ்வளவுதான். உன்மேல் கோபம் இல்லை. வண்டி வேண்டாம் என்று அவரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். பனியனை அம்மா பெட்டியில் வைத்திருக்கிறது.

நீ வீட்டுக்கு வா என்று நான் எழுதப் போவதில்லை. வந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று மட்டும் தெரிந்துகொள்.

இன்று காலை சித்தேரிக் கரைக்குப் போனேன். அருணகிரி மாமாவிடம் நிலம் அளக்கும் டேப் வாங்கிக்கொண்டேன். பனைமரத்தில் ஆரம்பித்து மதகைத் தாண்டி நானூறு மீட்டர் வருகிறது. வளைவு ஒன்றுதான், உங்கள் மைதானம் மாதிரி இல்லை. இரண்டு முனையிலும் கருவேலங்குச்சி நட்டு, மேலே சிவப்புத் துணி கட்டிவிட்டு வந்தேன்.

பூங்கொடி


மதுராந்தகம்,
31.8.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உன்னிடமிருந்து கடிதம் வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. போட்டி முடிந்துவிட்டதாக அப்பா பேப்பரில் படித்தார். நானூறில் யார் முதலில் வந்தது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நேற்று ராத்திரி நல்ல மழை. சித்தேரிக் கரையில் மதகுக்கு அந்தப் பக்கம் நான் நட்ட குச்சி சாய்ந்து கிடந்தது. போய் நிமிர்த்தி, அடியில் கல் வைத்து மிதித்துவிட்டு வந்தேன்.

பூங்கொடி